குறுக்கேயும் நகரலாம் என்றால் குறுகிய வழி எது?

நான் எழுதும் கணினி விளையாட்டில் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு காலி அறை. வழியை நிரல்தான் தேடித் தரும். சுவர் ஒன்றுகூட இல்லை. கதாபாத்திரம் நான்கு கட்டம் வலப்பக்கம் போனால் போதும். அதுவோ குறுக்காக மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வளைந்து வளைந்து போனது. அடுத்துப் பார்க்க வேண்டிய கட்டங்களை வந்த வரிசையில் வைத்துத் தரும் க்யூவை ஒரு மாலை முழுக்கச் சந்தேகப்பட்டேன். தப்பு அங்கே இல்லை. எட்டுத் திசைக்கும் ஒரே செலவு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் நேராகப் போனாலும் 4 அடி, வளைந்து போனாலும் 4 அடி.

அதனால் முதலில் செலவைச் சரிசெய்யுங்கள். கட்டத்தின் பக்கம் 1 என்றால் மூலைவிட்டம் ஏறத்தாழ 1.414. தசமம் வேண்டாமென்று நான் நேருக்கு 10, குறுக்குக்கு 14 வைக்கிறேன். இப்போது அதே அறையில் நேர்வழி 40, வளைவு 56. செலவு இருவிதமானதும் சாதாரண க்யூ போதாது. செலவு குறைந்த கட்டத்தை முதலில் தரும் பிரையாரிட்டி க்யூ வேண்டும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட வழி தேடும் முறை இதோடு முடியும், ஆனால் நாலாபக்கமும் பரவித் தேடும். 1968-இல் வந்த ஏ-ஸ்டார் என்ற முறை, இதுவரை ஆன செலவோடு இனி ஆகும் செலவின் மதிப்பீட்டையும் கூட்டிப் பார்ப்பதால் இலக்கு நோக்கியே போகும்.

அந்த மதிப்பீட்டில்தான் கவனம் வேண்டும். இலக்கு 5 கட்டம் வலப்பக்கம், 3 கட்டம் மேலே என்று வையுங்கள். இரண்டையும் வெறுமனே கூட்டும் மான்ஹாட்டன் கணக்கு 80 என்று சொல்லும். உண்மையில் 3 குறுக்கு, 2 நேர்: 42 + 20 = 62. மதிப்பீடு உண்மையை மிஞ்சினால் ஏ-ஸ்டார் நல்ல வழியைத் தவறவிடலாம். சின்னத் தூரத்தை 14-ஆல் பெருக்கி, இரு தூரங்களின் வித்தியாசத்தை 10-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

அப்புறம் சுவர் மூலை. (2,2)-லிருந்து (3,3)-க்குக் குறுக்காகப் போகுமுன் (3,2), (2,3) இரண்டையும் பாருங்கள். இரண்டும் சுவரென்றால் உருவம் இடுக்கே இல்லாத இடத்தில் நுழைந்துவிடும். ஒன்று மட்டும் சுவர் என்றாலும் நான் தடுப்பேன். தோள் சுவருக்குள் புதைவதைப் பார்க்கச் சகிக்காது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் எங்கிருந்து வந்தோம் என்று குறித்துக்கொண்டால் கடைசியில் பின்னோக்கி நடந்து வழியை எடுத்துவிடலாம்.

சோதிக்க, தாறுமாறாகச் சுவர் வைத்த கட்டங்களில் மதிப்பீட்டைப் பூஜ்யமாக்கி ஒரு முறை, உள்ளபடியே ஒரு முறை ஓட்டுங்கள். மொத்தச் செலவு எப்போதும் ஒன்றாக வரவேண்டும். கூடவே, இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் எதிரெதிர் மூலைகளில் சுவர் வைத்து மற்ற இரண்டுக்கும் வழி கேளுங்கள். ‘வழி இல்லை’ என்று வந்தால் சரி.