எண்ணெய்க் கசிவுக்குப் பின் இழப்பீடு கோருவது எப்படி?

மும்பைக் கடலில் எண்ணெய் பரவி, சசூன் டாக்கில் மீன் வாங்கித் தாராவியில் விற்கும் நம்மவர் பிழைப்பு நின்றுபோனால், முதலில் அது எங்கிருந்து கசிந்தது என்பதை உறுதிசெய்யுங்கள். நிறுவனத்தின் பொறுப்புக்குச் சட்டம் வகுத்துள்ள உச்சவரம்பு அதைப் பொறுத்தே மாறுகிறது. எண்ணெய்க் கப்பலென்றால், எண்ணெய் மாசுச் சேதத்துக்கான 1992ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைப்படி உரிமையாளரின் பொறுப்பு கப்பலின் அளவுக்கேற்ப வரம்புக்குட்படும். அவர் வேண்டுமென்றே சேதம் விளைவித்ததையோ, சேதம் விளையுமென அறிந்தே அலட்சியமாக இருந்ததையோ நிரூபித்தால் மட்டுமே அந்த வரம்பு நீங்கும்.

கடலடி எண்ணெய்க் கிணறுகளுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, அமெரிக்கச் சட்டத்தின் வரம்பு, துப்புரவுச் செலவு நீங்கலாக, வெறும் 7.5 கோடி டாலர். கடும் அலட்சியம் இருந்தால் அந்த வரம்பு செல்லாது.

இங்கே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடுவதே நல்ல வழி என்பது என் கருத்து. மும்பைக்கு அருகே 2011இல் மூழ்கிய ‘ராக்’ என்ற சரக்குக் கப்பல் வழக்கில், 2016இல் அது 100 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. அங்கே இழப்பீட்டு மனுவுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. உடன்படிக்கையின்கீழ் 3 ஆண்டுகளே. கூடை சுமந்து விற்கும் பெண்களிடம் ரசீது இருப்பதில்லை என்பதால், அன்றாட வரவுசெலவை இன்றே ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதத் தொடங்குங்கள்.