நெய்தல் பின்னணியில் பெண்ணின் உருவப்படம் தீட்டுதல்

கடலூர் தேவனாம்பட்டினக் கரையில் ஒரு பெண்ணின் உருவப்படத்தைத் தீட்ட முனைவோர், தூரிகையை எடுப்பதற்கு முன், அவர் முகத்தில் எந்த உணர்வு தங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். காதலைப் பாடும் சங்க அகமரபில், கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல் நிலத்துக்கு இரங்கலும் (பிரிவால் வருந்துதல்), சிறுபொழுதாக எற்பாடும் (வெயில் சாயும் நேரம்) உரியவை. ஆகவே ஏக்கத்தைக் காட்ட விரும்பினால், சாயும் வெயிலைக் கன்னத்தின் ஒருபுறம் இளங்காவியாகப் படரவிட்டு, மறுபுற நிழலில் கடலின் நீலத்தைச் சிறிதளவு கலக்க வேண்டும். வெறுங்கறுப்பால் நிழலிட்டால் தோல் உயிரற்றுப் போகும். அடிவானக் கோடு கழுத்தை வெட்டும் உயரத்தில் அமையக் கூடாது. தோளுக்குக் கீழே இறக்கினால் உருவம் நிமிர்ந்து நிற்கும்.

உணர்வை உணர்த்தப் பூ ஒன்றே போதும். முல்லையை வைத்தால், அது பிரிவைப் பொறுத்து ஆற்றியிருத்தலைச் சொல்லும். புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கப் பூவோ அடிமரத்திலிருந்தே நேராகப் பூப்பது, இதழ் தடித்தது; அதனைக் கையில் கொடுத்தால் பெண்மை என்பது மென்மை மட்டுமே என்ற பழகிய பொருள் குலைந்து உறுதி தென்படும். (பெண்ணைக் கொடியாகவே வரைவது எனக்குச் சலித்துவிட்டது.) மீன் விற்பவரை வரைவதானால், கூடை பிடித்துத் தடித்த விரல்களை அழகுக்காக மெலிதாக்காமல், உப்பங்கழியில் வளரும் அலையாத்தி மர வேர்களின் முடிச்சுகளைத் தீட்டும் அதே கோட்டழுத்தத்தோடு தீட்டுவது நல்லது.