கோபுரமும் கரும்பும்: படத்தைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒருவர் தெருப்படம் போடுவார், மற்றவர்கள் ஊரைச் சொல்ல வேண்டும். டர்பனில் இருந்தபடியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆடலாம். புதியவர்கள் அதிகம் சறுக்குவது, வண்ணக் கோபுரமும் பின்னால் கரும்புத் தோட்டமும் உள்ள படத்தில்தான். "தமிழ்நாடு" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் கரையோரம், மொரிசியஸ், ரீயூனியன் தீவு மூன்றிலும் இதே காட்சி உண்டு. அதனால் கோபுரத்தைக் கடைசியில் பாருங்கள்.

படம் தயாரிக்க

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் இடத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூலையில் இருக்கும் ஊர்ப்பெயரை வெட்டிவிடுங்கள். திசைகாட்டி மட்டும் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும். சொந்தப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பாதீர்கள். அதில் பதிந்திருக்கும் இருப்பிடமும் கூடவே போய்விடும்.

படி 1: வண்டி எந்தப் பக்கம்?

வலப்பக்கம் ஓடினால் இந்த நான்கில் ரீயூனியன் மட்டுமே. மற்ற மூன்றிலும் இடப்பக்கம்.

படி 2: சாலைக் கோடு

ஓரத்தில் நீளமாக மஞ்சள், நடுவில் வெள்ளை என்றால் முதலில் தென்னாப்பிரிக்காவை நினையுங்கள். ஊருக்குள் இந்தக் கோடு இல்லாமலும் போகலாம். கோடு இல்லை என்பதற்காக நாட்டைக் கழித்துவிடக் கூடாது.

படி 3: கடைப் பலகையில் உள்ள எண்

ஸ்ட்ரீட் வியூ வண்டி எண்களை மங்கலாக்கிவிடும், தொலைபேசி எண்களை பெரும்பாலும் விட்டுவிடும். 031 டர்பன், 033 பீட்டர்மரிட்ஸ்பர்க், 011 ஜோகன்னஸ்பர்க். ரீயூனியனில் 0262, கைப்பேசிக்கு 0692. மொரிசியஸின் நாட்டு எண் 230. ஒரு பொறி இருக்கிறது: 044 சென்னைக்கும் உண்டு, தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ், நைஸ்னா ஊர்கள் பக்கத்துக்கும் உண்டு. பின்னால் வரும் இலக்கங்களை எண்ணுங்கள். எட்டு என்றால் சென்னை, ஏழு என்றால் தென்னாப்பிரிக்கா.

சொந்தப் படமாக இருந்தால் வண்டித் தகடும் உதவும். என்.டி. என்று தொடங்குவது டர்பன், என்.பி. பீட்டர்மரிட்ஸ்பர்க். ஆனால் என்3 நெடுஞ்சாலையில் டர்பன் வண்டி ஜோகன்னஸ்பர்க் வரை போகும். ஒரே தகட்டை நம்பாமல் மூன்று வண்டிகளையாவது பாருங்கள்.

படி 4: நிழல்

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டர்பன் மகர ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கில்தான். நிழல் தெற்கே விழும். "சூரியன் வடக்கில், ஆகவே டர்பன்" என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். மே, ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டிலும் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். மொரிசியஸிலும் ரீயூனியனிலும் டிசம்பரில் அது தெற்கே போய்விடும். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நண்பகலில் சூரியன் தெற்கில் இருந்தால் அது டர்பன் இல்லை. நீண்ட நிழல் காலையோ மாலையோ விழுந்தது, அதை விட்டுவிடுங்கள். கோடையில் டர்பனிலேயே சூரியன் தென்கிழக்கில் உதிக்கும்.

புள்ளி

மூன்று நிமிடம் கொடுங்கள். விடையை வரைபடத்தில் ஊசி குத்தி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தில் வேண்டாம். "டர்பன் பக்கம்" என்று எழுதினால் அளக்க முடியாது. கூகுள் மேப்பில் தூரம் அளந்து, குறைந்த கிலோமீட்டருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. அடுத்த படம் வென்றவர் போடுவது.