24 மணி நேர நிதி திரட்டல் நேரலை: அட்டவணையை நள்ளிரவிலிருந்து போடுங்கள்

பிரிட்டனில் மாணவர்கள் தொலைக்காட்சி நடத்துவது பழைய வழக்கம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1964இலும் யார்க்கில் 1967இலும் தொடங்கிவிட்டார்கள். நவம்பரில் பிபிசியின் 'சில்ட்ரன் இன் நீட்' என்ற, குழந்தைகளுக்கான நிதி திரட்டல் நிகழ்ச்சி வரும்போது, நாமும் ஏதாவது செய்வோம் என்ற பேச்சு எழும். நான் படித்த இடத்தில் 24 மணி நேர நேரலைக்கு அட்டவணை போடும் வேலை என்னுடையது.

முதலில் அதிகாலை 2 முதல் 6 மணி வரை நிரப்புங்கள். மாலை 7 மணிக்கு இசைக்குழு, நாடகக் குழு என்று ஆட்கள் தாமாகவே வருவார்கள். 3 மணிக்கு ஸ்டூடியோவில் இரண்டு பேர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள், பார்க்கவும் ஆள் இருக்காது. ஆனால் நவம்பரில் அங்கே 3 மணி என்றால் நம் ஊரில் காலை எட்டரை! அதனால் அந்த நேரத்தை வெளிநாட்டு மாணவர்களிடம் கொடுத்தோம். ஒரு பையன் கேமரா முன்னால் உப்புமா கிளறினான். திருச்சியிலிருந்து அவன் அம்மா வீடியோ காலில், "கடுகு கருகுது பாரு, அடுப்பைக் குறை" என்றார். எனக்கு அந்த 24 மணி நேரத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். சமைப்பதாக இருந்தால் புகை எச்சரிக்கை மணி பற்றி மாணவர் சங்கத்திடம் முன்பே பேசிவிடுங்கள்.

அப்புறம் பணம். மாணவர் தொலைக்காட்சியின் கணக்கிலோ யாருடைய சொந்தக் கணக்கிலோ ஒரு பவுண்டு கூட வாங்காதீர்கள். தொண்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்டு, அதன் பெயரில் ஜஸ்ட்கிவிங் என்ற நன்கொடை இணையதளத்தில் பக்கம் திறந்தால் பணம் நேராக அங்கே போய்விடும். அதற்கான கியூஆர் கோடு திரையின் மூலையில் எப்போதும் இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தில் 'கிஃப்ட் எய்டு' என்று ஒரு கட்டம் வரும். வரி கட்டுபவர் அதை டிக் செய்தால், அவர் தரும் 100 பவுண்டு நிறுவனத்துக்கு 125 ஆகிறது. மிச்சத்தை அரசு தருகிறது. ஆனால் பிரிட்டனில் போதுமான வரி கட்டாதவர் டிக் செய்தால், அரசு தந்த அந்தக் கூடுதல் தொகையை அவரிடமே கேட்பார்கள். பகுதி நேர வேலை செய்யும் மாணவர்கள் பலர் வருமான வரி கட்டுவதில்லை. ஊரிலிருந்து பணம் போடும் பெற்றோரும் அப்படித்தான். தொகுப்பாளர் இதை மணிக்கு ஒருமுறையாவது சொல்ல வேண்டும். நல்ல மனதோடு கொடுப்பவருக்குச் சிக்கல் வரக்கூடாது.

தொழில்நுட்பத்துக்கு, நேரலை ஒளிபரப்ப உதவும் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள். யூடியூபில் முதல்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், முன்னாலேயே செய்துவிடுங்கள். 12 மணி நேரத்தைத் தாண்டும் நேரலையை அது தானாகச் சேமிக்காது. பதினொன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை முடித்துப் புதிதாகத் தொடங்குங்கள். சினிமாப் பாட்டு ஓடவிட்டால் உரிமைப் பிரச்சினையில் நேரலையே தடைபடலாம். மாணவர்கள் சொந்தமாக எழுதிய பாட்டுகளைப் பாடட்டும்.

யாரையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலையில் வைக்காதீர்கள். கேபிளும் விளக்கும் இருக்கும் இடத்தில் தூக்கக் கலக்கம் ஆபத்து.

நேரலை முடிந்த கையோடு நன்கொடைப் பக்கத்தை மூடாதீர்கள். துணுக்கு வீடியோக்களைப் பார்த்து அடுத்த சில நாட்களிலும் பணம் போடுவார்கள். மொத்தத் தொகையை அதற்குப் பிறகு அறிவியுங்கள்.