பாட்டில்ட் இன் பாண்ட் விஸ்கி: கீழ்த்தட்டில் தேடுங்க

அமெரிக்க மதுக்கடையில் கண்ணுக்கு நேரே அடுக்கியிருக்கும் பாட்டில்களில் மயங்காதீங்க. குனிந்து கீழ்த்தட்டைப் பாருங்க. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 1. லேபிளில் "பாட்டில்ட் இன் பாண்ட்" அல்லது "பாண்டட்" என்று போட்டிருக்கணும். இது விளம்பர வார்த்தை இல்லை, சட்டம். அந்தக் காலத்தில் மட்டச் சாராயத்தில் புகையிலைச்சாறு வரைக்கும் கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அதனால் 1897இல் வந்தது இந்தச் சட்டம்: ஒரே டிஸ்டில்லரி (விஸ்கி வடிக்கும் ஆலை), ஒரே அரையாண்டில் வடித்தது, அரசுக் கண்காணிப்புள்ள கிடங்கில் குறைந்தது 4 வருஷம், சரியாக 100 புரூஃப், அதாவது 50 சதவீதம் ஆல்கஹால். லேபிளில் வரும் "ஸ்மால் பேட்ச்" (சிறிய அளவில் தயாரித்தது) என்ற வார்த்தைக்கு இப்படி எந்தச் சட்டமும் கிடையாது. அதை நம்பிக் கூடுதலாகக் காசு கொடுக்காதீங்க.

படி 2. புரூஃபை மட்டும் பார்த்து எடுக்காதீங்க. நான் முதலில் வாங்கியது வைல்ட் டர்க்கி 101. நூறையே தாண்டிவிட்டதே, பாண்டடாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சரக்கு பிரமாதம், ஆனால் பாண்டட் இல்லை.

படி 3. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க. எவன் வில்லியம்ஸ் (Evan Williams) என்ற பிராண்டின் வெள்ளை லேபிள் பாட்டிலில் வடித்த இடம் டிஎஸ்பி-கேஒய்-1, அடைத்த இடம் டிஎஸ்பி-கேஒய்-31. டிஎஸ்பி என்பது ஆலைக்கு அரசு கொடுத்த பதிவு எண், கேஒய் என்றால் கென்டக்கி மாநிலம். 31ஆம் எண் ஆலை அங்கே பார்ட்ஸ்டவுன் ஊரில் இருக்கிறது. 1996இல் அங்கே பெரிய தீ. இந்த விஸ்கியைத் தயாரிக்கும் ஹெவன் ஹில் கம்பெனியின் டிஸ்டில்லரியே போச்சு. பிறகு லூயிவில்லில் ஒன்றை வாங்கி அங்கே வடிக்கிறார்கள். அதுதான் 1. ஒரு பாட்டிலில் இரண்டு எண் வந்த கதை இதுதான்.

படி 4. முதல் பாட்டில் எது? இதே வெள்ளை லேபிள்தான். விலை குறைவு, பல ஊர்களில் கிடைக்கும், கேரமல் வாசனை தூக்கலாக இருக்கும். காரம் பிடிக்கும் என்றால் ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட். அதில் ரை தானியம் அதிகம். காக்டெய்ல் கலக்க ரிட்டன்ஹவுஸ் ரை. மெல்லோ கார்ன் என்ற மக்காச்சோள விஸ்கியின் மஞ்சள் லேபிளைப் பார்த்துச் சிரிக்காதீங்க, ஆனால் அதை முதல் பாட்டிலாகவும் வாங்காதீங்க.

படி 5. 30 மில்லி ஊற்றுங்க. நம்ம ஊர் விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம், இது 50. மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் கண்ணில் தண்ணி வரும். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முகருங்க. ஒரு மிடறு அப்படியே, அடுத்ததற்கு அரை ஸ்பூன் தண்ணி.