மேக் வீலைக் கழற்றி இரும்புச் சக்கரம் மாட்டியபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் அப்பாவின் நிசான் 1400 பக்கி இன்னும் ஓடுகிறது. 2008-இல் தயாரிப்பு நின்றுபோன இந்தச் சின்ன பிக்கப்புக்கு, அதில் மாட்டியிருந்த மேக் வீலைவிட (அலாய் சக்கரம்) இரும்புச் சக்கரம்தான் அழகு என்பது என் கட்சி. நான்கு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ., இந்த அளவு பொருந்திய பழைய செட் ஒன்று கிடைத்தது.

கடையில் மாட்டிக்கொண்டு ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்ஸ் சரியாகவே இருந்தது. நட்டைக் கழற்றினால், மேக் வீலின் தட்டை வாஷர் நட்டையே இதிலும் முடுக்கியிருந்தார்கள். இரும்புச் சக்கரத்தின் துளை கூம்பாகக் குழிந்திருக்கும். கூம்பு நட்டு அதில் உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். இங்கே துளையோரப் பெயிண்ட் ஒரு பக்கம் மட்டும் பிறை போல உரிந்திருந்தது.

12 மி.மீ. போல்ட்டுக்கு, 1.25 மி.மீ. மரை இடைவெளியில் கூம்பு நட்டு வாங்கினேன். (டொயோட்டா நட்டு 1.5 மரை, ஏறுகிற மாதிரி ஏறிச் சிக்கிக்கொள்ளும், பலவந்தம் வேண்டாம்.) சக்கரம் போய் உட்காரும் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். அப்புறம் வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே குறுக்காக மாற்றி மாற்றி முடுக்கி, இறக்கியபின் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன். 50 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால் இரண்டு நட்டு கொஞ்சம் இளகியிருந்தது. அடியில் பெயிண்ட் அமுங்கும்போது அப்படி ஆகும். அதையும் இறுக்கிவிட்டேன். இப்போது 100-இல் போனாலும் ஸ்டியரிங் ஆடவில்லை.