அப்கிரேடுக்குப் பிறகு கேட்வே சிவப்பாக நிற்கிறதா? பிஎஃப்சென்ஸில் டிபிங்கரைச் சரிசெய்யும் முறை

ஃபயர்வாலாகவும் ரூட்டராகவும் வேலை செய்யும் மென்பொருளான பிஎஃப்சென்ஸை 2.8-க்கு ஏற்றியாகிவிட்டது, ரீபூட்டும் முடிந்தது, லைனைச் சோதித்தால் நெட் ஒழுங்காக வருகிறது. ஆனால் டாஷ்போர்டில் அதே லைனின் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) மட்டும் "ஆஃப்லைன், பாக்கெட்லாஸ் 100%" என்று சிவப்பாக நிற்கிறது. ஒரே இணைப்பு வைத்திருப்பவர்கள் பல நேரம் இதைக் கவனிப்பதுகூட இல்லை. ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாறும்படி இரண்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் தலைவலி. நல்ல ஃபைபர் லைன் சும்மா கிடக்க, எல்லாம் 4ஜி வழியாக ஓடி டேட்டா தீர்ந்துபோகும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் சுலபமான வழி, கேட்வே மானிட்டரிங்கையே டிசேபிள் செய்வது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதை டிக் செய்தால் அந்த கேட்வே எப்போதும் உயிரோடு இருப்பதாகவே பிஎஃப்சென்ஸ் எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே லைன் அறுந்த அன்று அடுத்த இணைப்புக்கு மாறாது. சரிசெய்து முடிக்கும்வரை போக்குவரத்து தடைபடக் கூடாது என்றால், "டிசேபிள் கேட்வே மானிட்டரிங் ஆக்‌ஷன்" என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். அளவீடு தொடரும், அதை வைத்து எதையும் மாற்றாது.

அளவெடுப்பது டிபிங்கர் என்ற சிறிய புரோகிராம். 2.3 பதிப்பிலிருந்து இதுதான் வேலை பார்க்கிறது. அரை நொடிக்கு ஒரு பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு பாக்கெட்) அனுப்பி, கடைசி 60 நொடிகளின் சராசரியைக் கணக்கிடும். நாம் எதையும் மாற்றாவிட்டால், 20% பாக்கெட் தொலைந்தாலோ தாமதம் 500 மில்லிசெகண்டைத் தாண்டினாலோ கேட்வே விழுந்துவிட்டது என்று அறிவிக்கும்.

முதல் படி: கையால் பிங்

டயக்னாஸ்டிக்ஸ் > பிங் பக்கத்தில் மானிட்டர் ஐபியை, அதாவது டிபிங்கர் பிங் அனுப்பும் முகவரியை, கொடுத்து, சோர்ஸ் அட்ரஸில் பிரச்சினை உள்ள வேனை (WAN, வெளி இணைப்பு) தேர்ந்தெடுங்கள். சோர்ஸை "ஆட்டோமேட்டிக்" என்று விட்டால் பிங் டீஃபால்ட் கேட்வே வழியாகப் போய்விடக்கூடும், அந்தச் சோதனையால் பயனில்லை. பதில் வராவிட்டால் மூன்றாம் படிக்குப் போங்கள். பதில் வந்தும் டாஷ்போர்டு சிவப்பாகவே இருந்தால் அடுத்த படியை நிதானமாகப் படியுங்கள். நான் அதிக நேரம் சிக்கி நின்றது இங்கேதான்.

இரண்டாம் படி: ஒட்டிக்கொண்ட ஸ்டேட்

கையால் அனுப்பிய பிங்குக்குப் பதில் வருகிறது, டிபிங்கர் அனுப்பும் பிங்குக்கு மட்டும் வரவில்லை. ஒரே இடத்திலிருந்து ஒரே ஐபிக்குப் போகும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு பிங்கிலும் ஒரு அடையாள எண் இருக்கும். கையால் பிங் செய்யும்போது புது எண், அதனால் ஃபயர்வாலில் புது ஸ்டேட் (ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபயர்வால் வைக்கும் பதிவு). டிபிங்கரோ தொடங்கியதிலிருந்து ஒரே எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. அப்கிரேட் முடிந்து பெட்டி எழும்போது, வேன் முழுதாக வருவதற்கு முன் முதல் பிங் கிளம்பிவிட்டால் தவறான வழியோடு ஒரு ஸ்டேட் பதிவாகிவிடும். சும்மா விட்டால் சில நொடிகளில் காலாவதியாக வேண்டிய பதிவு அது. ஆனால் அரை நொடிக்கொரு பிங் வந்து அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பதால் நாள்கணக்கில் சாகாமல் கிடக்கும். ரூட்டர் மோடில் இருக்கும் ஃபைபர் மோடத்தின் நேட் டேபிளிலும் (முகவரி மாற்றங்களைக் குறித்துவைக்கும் பட்டியல்) இதே கதை நடக்கும்.

உறுதிசெய்ய டயக்னாஸ்டிக்ஸ் > ஸ்டேட்ஸ் பக்கத்தில் மானிட்டர் ஐபியைத் தேடுங்கள். ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) வரி ஒன்று வரும். அதில் பாக்கெட்ஸ் பத்தியைப் பாருங்கள். "5.20 கே / 0" என்பதுபோல் இருந்தால், ஐந்தாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது, ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று பொருள். இன்டர்ஃபேஸ் பத்தியில் வேறு வேனின் பெயர் இருந்தால் குற்றவாளி இங்கேயே இருக்கிறான்.

தீர்வு சின்னது. அந்த வரியின் ஓரத்தில் உள்ள பொத்தானை அழுத்தி ஸ்டேட்டை நீக்குங்கள். அப்புறம் ஸ்டேட்டஸ் > சர்வீசஸ் போய் டிபிங்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எண் மாறிவிடுவதால் மோடத்தில் ஒட்டியிருக்கும் பதிவையும் அது தாண்டிவிடும். ஒரு நிமிடம் காத்திருங்கள், சராசரி இறங்கப் பச்சையாகும். "ரீசெட் ஸ்டேட்ஸ்" கொடுத்து மொத்த டேபிளையும் துடைக்க வேண்டாம், எல்லாருடைய இணைப்பும் அறுந்துபோகும்.

மூன்றாம் படி: லாக் (நிகழ்வுப் பதிவேடு)

ஸ்டேட்டஸ் > சிஸ்டம் லாக்ஸ் > சிஸ்டம் > கேட்வேஸ். "சென்ட்டூ எரர்" என்ற வரியின் முடிவில் உள்ள எண்ணைப் பாருங்கள். 65 என்றால் அந்த முகவரிக்கு வழி இல்லை. 64 என்றால் எதிர்ப்பக்கப் பெட்டி பதில் தரவில்லை, மோடத்தைப் பாருங்கள். 50 என்றால் இன்டர்ஃபேஸே இறங்கிக் கிடக்கிறது. 13 என்றால் நம் ஃபயர்வால் விதியே தடுக்கிறது.

லாக் சுத்தமாக இருந்தும் பதில் வராவிட்டால் கேட்வேயின் அட்வான்ஸ்ட் பகுதியில் "டேட்டா பேலோட்" (பிங்கோடு போகும் தரவின் அளவு) என்ன என்று பாருங்கள். பழைய அமைப்பிலிருந்து 0 வந்திருந்தால் 1 ஆக்குங்கள். காலி பிங்கைக் குப்பையில் போடும் மோடங்கள் உண்டு.

மானிட்டர் ஐபி எது?

மோடத்தின் 192.168.1.1-ஐ வைக்காதீர்கள். வெளியே ஃபைபர் அறுந்தாலும் அது பதில் சொல்லும். பலர் 8.8.8.8 வைக்கிறார்கள். அது டிஎன்எஸ் சர்வர், எல்லா பிங்குக்கும் பதில் தருவது அதன் வேலை அல்ல. டிரேஸ்ரூட் (பாக்கெட் வழியில் கடக்கும் பெட்டிகளை, அதாவது ஹாப்களை, காட்டும் கருவி) போட்டு, உங்கள் இணைப்பு நிறுவனத்துக்குள்ளேயே தவறாமல் பதில் தரும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஹாப்பை எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. இரண்டு வேனுக்கும் ஒரே ஐபி கூடாது. ஒவ்வொரு மானிட்டர் ஐபிக்கும் அந்த வேன் வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடப்படுகிறது, ஒரே ஐபிக்கு இரண்டு ரூட் நிற்காது.

பின்சேர்க்கை 1: எல்லாம் பச்சையான பிறகும் சில தளங்கள் தொங்குவதாக இரண்டு வேன் வைத்திருக்கும் சிலர் எழுதியிருந்தார்கள். 2.8-இல் ஃபயர்வால் ஸ்டேட் பாலிசியின் டீஃபால்ட் "ஃப்ளோட்டிங்"கிலிருந்து "இன்டர்ஃபேஸ் பவுண்ட்" ஆக மாறியிருக்கிறது. ஒரு வேனில் போய் இன்னொன்றில் திரும்பும் போக்குவரத்து இதில் அடிபடும். மொத்தமாகப் பழையபடி மாற்றாமல், தேவைப்படும் விதிக்கு மட்டும் அட்வான்ஸ்ட் பகுதியில் ஃப்ளோட்டிங் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: ஐபிவி6 கேட்வே மட்டும் சிவப்பாக இருந்தால், வேனுக்குச் சொந்தமாக குளோபல் முகவரி இருக்கிறதா என்று ஸ்டேட்டஸ் > இன்டர்ஃபேசஸில் பாருங்கள். "ரிக்வெஸ்ட் ஒன்லி அன் ஐபிவி6 பிரிஃபிக்ஸ்" டிக் ஆகியிருந்தால் வேனில் லிங்க் லோக்கல் முகவரி (அந்த லைனுக்குள் மட்டும் செல்லுபடியாவது) மட்டுமே இருக்கும், அதிலிருந்து வெளியுலக முகவரிக்கு பிங் போகாது. மானிட்டர் ஐபியைக் காலியாக விட்டு, அந்த கேட்வேயையே அளக்கவிடுங்கள்.